பேட்ரியாட்ஸ் ஹால் ஆஃப் ஃபேம்: பார்செல்ஸை இத்தனை வருஷம் வெளியே நிறுத்தியது நியாயமா?

செம்பனி எழுதியது:

அமெரிக்கக் கால்பந்தில் நம் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியின் ஹால் ஆஃப் ஃபேமுக்கு, அதாவது அணியின் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் மண்டபத்துக்கு, 2025க்கான பெயர்கள் வந்துவிட்டன. ரசிகர் ஓட்டில் ஜூலியன் எடெல்மன். பங்களிப்பாளர் என்கிற தனிப் பிரிவில் முன்னாள் கோச் பில் பார்செல்ஸ், அது ஓட்டுக்கே போகவில்லை, ஓனர் ராபர்ட் கிராஃப்ட் நேராக அறிவித்துவிட்டார். எடெல்மன் விஷயத்தில் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. கல்லூரியில் பந்தை வீசும் குவார்ட்டர்பேக்காக ஆடிவிட்டு 2009 டிராஃப்டில், அதாவது அணிகள் புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வில், ஏழாவது ரவுண்டில் 232ஆவது ஆளாக வந்த பையன், லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் சிறந்த வீரர் (எம்விபி) வரை போனது சாதாரணம் கிடையாது. நான் பேச வந்தது பார்செல்ஸைப் பற்றி.

2011இல் இறுதி மூவரில் அவர் இருந்தார், டிரூ பிளெட்சோ ஜெயித்தார். 2012இல் டிராய் பிரவுன். 2014இல் டை லா. 2020இல் ரிச்சர்ட் சீமோர். ஒவ்வொரு தடவையும் ரசிகர்கள் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். இதில் பிளெட்சோவும் பிரவுனும் பார்செல்ஸ் பொறுப்பேற்ற 1993இல் டிராஃப்டில் வந்தவர்கள், லா 1995. நடுவில் உள்ளே போன வில்லி மெக்கினெஸ்ட் 1994, டெடி புரூஸ்கி 1996. அவர் கையில் வளர்ந்த ஐந்து பேருக்கு அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டு விழா எடுத்தாகிவிட்டது, வளர்த்தவருக்கு மட்டும் 2025 வரை இடம் இல்லை. இத்தனைக்கும் 2013இலேயே கேன்டனில் இருக்கும் தேசிய ஹால் ஆஃப் ஃபேம் அவரை ஏற்றுக்கொண்டுவிட்டது.

1992இல் இந்த அணி 2 வெற்றி, 14 தோல்வி. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் 1 வெற்றி, 15 தோல்வி. அணியை செயின்ட் லூயிஸுக்குத் தூக்கிக்கொண்டு போகப் பேச்சு நடந்த காலம் அது. அந்த நிலைமையில் இரண்டு சூப்பர் பௌல் ஜெயித்த கோச் வந்து உட்கார்ந்ததால்தான் நியூ இங்கிலாந்தில் ஜனங்கள் மறுபடி டிக்கெட் வாங்கினார்கள். 1994இல் 3-6 என்று இருந்தவர்கள் கடைசி ஏழு மேட்சையும் வரிசையாக ஜெயித்து 10-6 என்று பிளேஆஃப் போனார்கள். 1996 சீசனில் சூப்பர் பௌல் வரை. இவ்வளவு செய்தவரை ஓட்டுப் போட்டு ஓரங்கட்டுவது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பழைய_ஃபாக்ஸ்பரோ எழுதியது:

செம்பனி, நீங்கள் சொன்ன ஒவ்வொரு வரியும் உண்மைதான். ஆனால் அவர் எப்படிப் போனார் என்பதை விட்டுவிட்டீர்கள்.

1997 ஜனவரி, நியூ ஆர்லியன்ஸ், கிரீன் பேவுடன் சூப்பர் பௌல். அணியின் வரலாற்றிலேயே இரண்டாவது சூப்பர் பௌல் அது. அந்த வாரம் முழுக்கப் பேப்பரில் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சே இல்லை, பார்செல்ஸ் எதிரி அணியான நியூயார்க் ஜெட்ஸுக்குப் போகிறாராமே என்பதுதான் பேச்சு. பசங்கள் வாழ்க்கையின் மிகப் பெரிய மேட்சுக்குத் தயாராகிறார்கள், அவர்களுடைய கோச் அடுத்த வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். மூன்றாவது குவார்ட்டரில் எங்கள் கர்ட்டிஸ் மார்ட்டின் டச்டவுன் (பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டுவது) போட்டு 27-21 என்று நெருங்கினோம், அடுத்த கிக்காஃபையே (ஆட்டத்தை மறுபடி தொடங்கும் உதை) கிரீன் பேயின் டெஸ்மண்ட் ஹவர்ட் 99 கஜம் ஓடி முடித்தார், 35-21. தோற்றதற்குப் பார்செல்ஸ்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தோற்ற அணி திரும்பி வந்த விமானத்தில் அவர் ஏறவில்லை. அதை அந்தக் காலத்து ரசிகன் யாரும் மறக்கவில்லை.

போன இடமும் ஜெட்ஸ். அடுத்த வருஷமே மார்ட்டினையும் அங்கே இழுத்துக்கொண்டார். இதற்குப் பிறகு ரசிகன் கையில் ஓட்டைக் கொடுத்தால் அவன் வேறு என்ன செய்வான்?

புதிதாய்_வந்தவன் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் பந்தைக் காலால் உதைக்கிற கால்பந்துப் பக்கத்திலிருந்து வந்தவன், இந்த ஆட்டத்தைச் சமீபமாகத்தான் பார்க்கிறேன். தேசிய அளவில் ஒரு ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும்போது ஒவ்வொரு அணியும் தனியாக ஒன்று வைத்துக்கொள்வது எதற்கு? அப்புறம் இந்த ஓட்டு எப்படி நடக்கிறது, யார் வேண்டுமானாலும் போடலாமா?

லைன்மேன்_ரசிகை எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பத்திரிகைக்காரர்கள், பழைய வீரர்கள், அணியில் வேலை பார்ப்பவர்கள் எல்லாம் கலந்த ஒரு குழு ஒவ்வொரு வருஷமும் கூடிப் பேசி மூன்று பெயரை முடிவு செய்யும். அந்த மூன்றில் ஒன்றை ரசிகர்கள் அணியின் இணையதளத்தில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2007இலிருந்து இப்படித்தான். ஓய்வு பெற்று நாலு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி, குவார்ட்டர்பேக் டாம் பிரேடிக்காக மட்டும் கிராஃப்ட் அதைத் தளர்த்தினார். 2024 ஜூன் 12 அன்று ஸ்டேடியத்துக்குள்ளேயே விழா. ஆறாவது மாதம், பன்னிரண்டாம் தேதி: ஆறு சாம்பியன்ஷிப், 12ஆம் நம்பர் ஜெர்சி. இது தவிர ரொம்பப் பழைய வீரர்களுக்கு மூத்தோர் குழு ஒன்று உண்டு, பங்களிப்பாளர் பிரிவு உண்டு. அணியைத் தொடங்கிய பில்லி சல்லிவன், ரேடியோ வர்ணனையாளர் கில் சான்டோஸ் எல்லாம் அந்தப் பிரிவில் வந்தவர்கள்தான்.

முதல் கேள்விக்கு டிராய் பிரவுன்தான் பதில். அவர் கேன்டனுக்குப் போகிற ஆள் கிடையாது, எண்கள் அந்த அளவுக்கு இல்லை. எட்டாவது ரவுண்டு ஆள், இப்போது டிராஃப்டில் எட்டாவது ரவுண்டே கிடையாது. ஆனால் 2004இல் எதிரணி வீசும் பந்தைத் தடுக்கிற கார்னர்பேக்குகள் வரிசையாக அடிபட்டபோது, பந்து பிடிக்கிற வேலைக்காரர் போய்த் தடுப்பில் நின்றார். 2007 ஜனவரி, சான் டியேகோவில் பிளேஆஃப். நாலாவது டவுனில், அதாவது கடைசி முயற்சியில், பிரேடி வீசிய பந்தை எதிரணியின் மார்லன் மெக்ரீ பறித்துவிட்டார். மெக்ரீ அங்கேயே தரையில் விழுந்திருந்தால் எங்கள் சீசன் முடிந்தது. அவர் ஓடப் பார்த்தார். பிரவுன் பின்னாலேயே போய் அவர் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டார், ரீச் கால்ட்வெல் விழுந்து அள்ளினார், 24-21 ஜெயித்தோம். பந்தைப் பிடிக்கவேண்டிய ஒருவர் ஒரே நொடியில் தடுப்பாட்டக்காரராக மாறுகிறார் பாருங்கள், இதை எந்தப் புள்ளிவிவர அட்டவணையிலும் எழுத இடம் கிடையாது. ஊர் ஊராக அணிக்கு ஒரு ஹால் ஆஃப் ஃபேம் தேவைப்படுவது இந்த மாதிரி ஆட்களுக்காகத்தான்.

செம்பனி எழுதியது:

பழைய_ஃபாக்ஸ்பரோ அண்ணா, ஜெட்ஸ் என்கிற காரணம் எடுபடாது. டை லாவும் 2005இல் ஜெட்ஸுக்குப் போய் ஆடினார். அவர் 2014இல் யாரைத் தோற்கடித்து உள்ளே வந்தார்? பார்செல்ஸைத்தான். ஆக ஜெட்ஸுக்குப் போவது குற்றம் கிடையாது.

விமானக் கதையிலும் இன்னொரு பக்கம் இருக்கிறது. 1996 டிராஃப்டில் பார்செல்ஸ் தடுப்பாட்டக்காரர் ஒருவரைக் கேட்டார். கிராஃப்ட் அந்த அதிகாரத்தை வீரர் தேர்வுப் பொறுப்பிலிருந்த பாபி கிரியர் பக்கம் கொடுத்து, பந்து பிடிக்கிற டெர்ரி கிளென்னை எடுக்க வைத்தார். எல்லோர் முன்னாலும் கோச்சின் வார்த்தை செல்லாது என்று ஆக்கிவிட்டார்கள். சமைக்கச் சொன்னால் மளிகை வாங்கவும் விட வேண்டாமா என்று அவர் கேட்டது இன்றைக்கும் எல்லோரும் எடுத்துப் பேசுகிற விஷயம். தன்மானமுள்ள யார்தான் அதற்குமேல் இருப்பார்?

பழைய_ஃபாக்ஸ்பரோ எழுதியது:

போவது வேறு தம்பி, போகிற விதம் வேறு. லா, அணியே விடுவித்துவிட்டதால் போனார். மூன்று சாம்பியன்ஷிப் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார், சூப்பர் பௌலில் கர்ட் வார்னர் பந்தைப் பறித்து 47 கஜம் ஓடிய ஆள். அவருடன் பார்செல்ஸைச் சேர்க்காதீர்கள்.

கிளென் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கிராஃப்டே பின்னாளில் பார்செல்ஸைப் பற்றி மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார். ஆனால் கோபம் சூப்பர் பௌல் முடிந்த பிறகு வந்திருக்கலாமே. ஐம்பது வீரர்கள், ஒரு முழு சீசன் உழைப்பு. அந்த ஒரு வாரம் அவர்களுக்குச் சொந்தமானது.

கிரீன்பே_குமரன் எழுதியது:

அந்த சூப்பர் பௌலை ஜெயித்த பக்கத்திலிருந்து வருகிறேன், சண்டை போட அல்ல.

ஒரே அணிக்கென்று ஹால் ஆஃப் ஃபேம் வைக்கும் பழக்கத்தை ஆரம்பித்ததே கிரீன் பேதான், 1967இல். இதில் விசேஷம் என்னவென்றால் அதை நடத்துவது அணி அல்ல, லாபநோக்கம் இல்லாத தனி அமைப்பு. இடம் மட்டும் 2003இலிருந்து எங்கள் ஸ்டேடியமான லாம்போ ஃபீல்டுக்குள். இதுவரை 150 பேருக்கு மேல் உள்ளே போயிருக்கிறார்கள். எங்கள் அணிக்கு ரசிகர்கள்தான் பங்குதாரர்கள், ஆனாலும் ஹால் ஆஃப் ஃபேம் தேர்வைக் குழுதான் செய்கிறது. அது நல்லது என்றே நினைக்கிறேன்.

எங்களுக்கும் ஒரு பார்செல்ஸ் உண்டு, குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ர். ஓய்வு என்றார், வேண்டாம் என்றார், ஜெட்ஸ் போனார், 2009இல் எங்கள் பரம எதிரி மின்னசோட்டா வைக்கிங்ஸுக்கே போனார். வைக்கிங்ஸ் ஜெர்சியில் அவர் லாம்போவுக்கு வந்தபோது விழுந்த கூச்சலைக் கேட்டவர்கள், இவருக்கு இந்த ஊரில் இனி ஒரு விழா நடக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். 2015 ஜூலையில் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்து 4ஆம் நம்பரையும் ஓய்வு கொடுத்தார்கள். ஸ்டேடியத்தில் ஆட்டமே கிடையாது, விழாவைத் திரையில் பார்க்க மட்டும் 67,000 பேர் வந்து உட்கார்ந்தார்கள். 2009இல் ஓட்டு வைத்திருந்தால் அதே ஜனங்கள் என்ன செய்திருப்பார்கள்? ஒரு ஆறு வருஷம் விட்டதில் எல்லாம் மாறிவிட்டது.

டாலஸ்வாசி எழுதியது:

ஓட்டு முறையைக் குறை சொல்வதற்கு முன் எங்கள் ஊர்க் கதையைக் கேளுங்கள். டாலஸ் கவ்பாய்ஸ் அணியின் ரிங் ஆஃப் ஆனர், அதாவது ஸ்டேடியத்தில் பெயர் ஏற்றும் கௌரவம், 1975இல் டெக்ஸ் ஷ்ராம் தொடங்கியது, முதல் பெயர் பாப் லில்லி. குழு கிடையாது, ஓட்டு கிடையாது, அணியை நடத்துகிறவர் நினைத்தால் பெயர் ஏறும். 1989இலிருந்து அது ஓனர் ஜெர்ரி ஜோன்ஸ்.

கோச் ஜிம்மி ஜான்சன் 1989இல் 1-15 என்று ஆரம்பித்து 1992, 1993 சீசன்களில் அடுத்தடுத்து இரண்டு சூப்பர் பௌல் ஜெயித்துக் கொடுத்தார். 1994 மார்ச்சில் இரண்டு பேருக்கும் ஒத்துவராமல் பிரிந்தார்கள். அணியை உருவாக்கியது யார், பெயர் யாருக்கு என்பதுதான் சண்டையின் அடி. அதற்குப் பிறகு ட்ராய் எய்க்மன், மைக்கேல் இர்வின், எம்மிட் ஸ்மித் மூவரும் 2005இல் சேர்ந்து ஏறினார்கள். அவர்களுக்குக் கோச்சாக இருந்தவர் பெயர் மட்டும் 2023 டிசம்பர் 30 வரை ஏறவில்லை. கேன்டனே அவரை முந்தி ஏற்றுக்கொண்டது. கிட்டத்தட்ட முப்பது வருஷம், ஒரே ஒரு மனிதரின் வருத்தத்துக்காக. எங்களால் என்ன செய்ய முடிந்தது? ஒன்றும் இல்லை. உங்களுக்காவது ஒவ்வொரு வருஷமும் பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசி மனசை மாற்ற ஒரு வாய்ப்பு இருந்தது.

செம்பனி எழுதியது:

டாலஸ்வாசி சொன்னதைப் படித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. பார்செல்ஸால் அதிகம் காயப்பட்டவர் கிராஃப்ட். புதிதாக அணியை வாங்கி, பெரிய கோச்சை வைத்துக்கொண்டு, சூப்பர் பௌல் வாரத்தில் அவமானப்பட்டவர் அவர். அவரே மன்னித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார், ரசிகர்கள்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். டாலஸில் இது அப்படியே தலைகீழ்.

ஆனாலும் பங்களிப்பாளர் பிரிவில் கொண்டுவந்தது பின்வாசல் வழி மாதிரிதான் இருக்கிறது. அவர் கோச்சாக, முன்வாசல் வழியே வந்திருக்க வேண்டியவர்.

லைன்மேன்_ரசிகை எழுதியது:

பார்செல்ஸுக்கு உயிரோடு இருக்கும்போதே கிடைத்தது. எனக்கு அதிகம் வலிப்பது ஹூஸ்டன் ஆன்ட்வைன்.

அறுபதுகளில் பாஸ்டன் பேட்ரியாட்ஸ் தடுப்பு வரிசையின் நடுவில் நின்றவர், அன்றைய ஏஎஃப்எல் லீக்கில் ஆறு தடவை ஆல்-ஸ்டார். 2011இல் பிளெட்சோ ஜெயித்த அந்த ஓட்டில் மூன்றாவது பெயர் அவருடையதுதான், பார்செல்ஸ் தோற்றதைப் பேசும்போது யாரும் அதைச் சொல்வதில்லை. அதே வருஷம் டிசம்பரில் இறந்துவிட்டார். 2015இல் மூத்தோர் குழு அவரைச் சேர்த்தது. பிளெட்சோ மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, 2001இல் வேலையைப் பிரேடியிடம் இழந்த பிறகும் பிட்ஸ்பர்க்கில் பிரேடி அடிபட்டதும் இறங்கி டச்டவுன் வீசிக் கொடுத்தவர். ஆனால் இணையத்தில் ஓட்டுப் போடுகிறவர்களில் எத்தனை பேர் ஆன்ட்வைன் ஆடியதைப் பார்த்திருப்பார்கள்? 1965இல் பத்து வயதுப் பையன் என்றால்கூட 2011இல் 56. அந்தப் போட்டி ஆரம்பிக்கும்போதே முடிந்துவிட்டது.

லியான் கிரே கதையும் இதேதான். ஜான் ஹானா, கிரே, தாக்குதல் வரிசையின் இடது பக்கம் இவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்ற 1978இல் இந்த அணி தரைவழியாக மட்டும் 3,165 கஜம் ஓடியது. நாற்பது வருஷத்துக்கு மேல், 2019இல் பால்ட்டிமோர் முறியடிக்கும் வரை, அது லீக் சாதனை. அடுத்த சீசனுக்கு முன் கிரேயை ஹூஸ்டனுக்கு விற்றுவிட்டார்கள். ஹானாதான் 1991இல் இந்த ஹால் ஆஃப் ஃபேமின் முதல் ஆள். பக்கத்தில் நின்ற கிரே வந்தது 2019, இறந்து பதினெட்டு வருஷம் கழித்து, அதுவும் மூத்தோர் குழு வழியாக. ஓட்டில் விட்டிருந்தால் இன்றைக்கும் வந்திருக்க மாட்டார்.

இப்போது அதே தாக்குதல் வரிசையில் ஆடிய லோகன் மேன்கின்ஸ். 2011 சீசனைக் கிழிந்த முழங்கால் தசைநாரோடு ஆடி முடித்தவர். 2005இல் வந்தார், மூன்று சாம்பியன்ஷிப் முடிந்த பிறகு. 2014 ஆகஸ்ட்டில் டாம்பாவுக்கு விற்கப்பட்டார், அந்த சீசனில் அணி நாலாவதை ஜெயித்தது. கையில் ஒரு சாம்பியன்ஷிப் மோதிரம்கூட இல்லை. சாம்பியன்ஷிப் ஞாபகத்தை வைத்து ஓட்டுப் போடுகிறவர்கள் முன்னால் அவர் எப்படி ஜெயிப்பார்? இந்த வருஷமும் இறுதி மூவரில் இருந்தார், தோற்றார்.

பழைய_ஃபாக்ஸ்பரோ எழுதியது:

இந்த வருஷ மூன்றாவது ஆள் பந்தை உதைக்கிற கிக்கர் ஆடம் வினாட்டியேரி. அவர் தோற்றதுதான் எனக்குத் தாங்கவில்லை. எடெல்மன் வருவார், கட்டாயம் வரவேண்டியவர், ஆனால் வினாட்டியேரிக்கு முன்னாலா?

அந்த ஹாலுக்குப் போனவர்கள் ஒரு சின்ன ஜான் டியர் டிராக்டரைப் பார்த்திருப்பீர்கள். பச்சை நிறம், முன்னால் பனியைத் தள்ளும் சுழல் துடைப்பம். 1982 டிசம்பர் 12, மயாமியுடன் ஆட்டம், முழுக்கப் பனி, நாலாவது குவார்ட்டர் வரை 0-0. எங்கள் கிக்கர் ஜான் ஸ்மித் 33 கஜ ஃபீல்ட் கோலுக்கு (கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி) நிற்கப் போகிறார், மார்க் ஹென்டர்சன் அந்த வண்டியை ஓட்டிவந்து அவர் உதைக்கப்போகும் இடத்தைத் துடைத்துவிட்டுப் போனார். அவர் சிறையிலிருந்து பகல் வேலைக்கு அனுப்பப்பட்டிருந்த கைதி. 3-0. மயாமி கோச் டான் ஷூலா கொதித்துப்போனார். அந்த வண்டிக்கு ஹாலில் இடம் இருக்கிறது, எனக்கும் அதைப் பார்க்கப் பிடிக்கும்.

இருபது வருஷம் கழித்து அதே பழைய ஸ்டேடியத்தின் கடைசி ஆட்டத்தில், ரெய்டர்ஸுக்கு எதிராக, வினாட்டியேரி 45 கஜம் உதைத்துச் சமன் செய்தார். எந்த வண்டியும் வந்து இடம் துடைத்துக் கொடுக்கவில்லை. காலாலேயே பனியை ஒதுக்கிவிட்டு, ஊன்றுகிற கால் வழுக்கினால் ஆட்டம் போச்சு என்கிற நிலைமையில் தாழ்வாக அடித்தார், பந்து கம்பத்தைத் தாண்டுகிற வரைக்கும் உள்ளே போகிறதா இல்லையா என்று அரங்கில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஓவர்டைமில் இன்னொன்று. இரண்டு வாரம் கழித்து சூப்பர் பௌலில் ராம்ஸுக்கு எதிராகக் கடைசி உதையாக 48 கஜம், 20-17. இரண்டு வருஷம் கழித்து கரோலினாவுக்கு எதிராக 41 கஜம். இந்த நாலு உதையில் ஒன்று தப்பியிருந்தாலும் அடுத்த இருபது வருஷக் கதை வேறு மாதிரி போயிருக்கும். 2006இல் கோல்ட்ஸுக்குப் போனார் என்ற மனக்குறை சிலருக்கு இருக்கலாம்.

செம்பனி எழுதியது:

அண்ணா, வினாட்டியேரியை 1996இல் டிராஃப்டே ஆகாத பையனாகக் கூட்டிவந்து வேலை கொடுத்த கோச் யார் என்று சொல்லுங்கள்.

பழைய_ஃபாக்ஸ்பரோ எழுதியது:

தெரியும். பார்செல்ஸ். டாலஸுக்கு எதிராக வினாட்டியேரி ஹெர்ஷல் வாக்கரைத் துரத்திப் பிடித்தபோது, நீ கிக்கர் இல்லை, ஃபுட்பால் பிளேயர் என்கிற மாதிரிச் சொல்லித் தட்டிக் கொடுத்ததும் பார்செல்ஸ்தான்.

சரி, எழுதிவிடுகிறேன். பார்செல்ஸ் ஹாலில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ரசிகர்களின் ஓட்டில் வராமல் கிராஃப்ட் கையால் வந்ததுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன். காயப்பட்டவர் மன்னித்துக் கூப்பிட்டார். எங்களை ஓட்டுப் போட்டு மன்னிக்கச் சொல்லியிருந்தால் அது இன்னும் நடந்திருக்காது, நானும் போட்டிருக்க மாட்டேன்.

புதிதாய்_வந்தவன் எழுதியது:

இவ்வளவையும் படித்த பிறகு கேட்கிறேன், ஓட்டையே எடுத்துவிட்டால் என்ன?

லைன்மேன்_ரசிகை எழுதியது:

வேண்டாம். பிரவுன், புரூஸ்கி, கெவின் ஃபாக் மூவரும் ஓட்டில் வந்தவர்கள். பக்கவாதம் வந்து சில மாதத்தில் திரும்பி வந்து ஆடிய புரூஸ்கிக்கு இந்த ஊர் ஜனங்கள் கொடுத்த இடம் அது. குழு கொடுத்திருந்தால் அதே அர்த்தம் இருந்திருக்காது.

நான் கேட்பது இரண்டு மாற்றம்தான். மூத்தோர் குழு வருஷா வருஷம் ஒருவரையாவது எடுக்க வேண்டும், ஆன்ட்வைனுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது. அப்புறம், இறுதி மூவரில் மூன்று தடவை வந்து தோற்றவரை அடுத்த வருஷம் ஓட்டுக்கு விடாமல் குழுவே நேராகச் சேர்த்துவிட வேண்டும். இந்த விதி மட்டும் முன்பே இருந்திருந்தால் பார்செல்ஸ் பத்து வருஷம் முன்னால் வந்திருப்பார், இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

கிரீன்பே_குமரன் எழுதியது:

இரண்டாவது விதி அருமை. ஆனால் மூன்று தடவை தோற்றால் எப்படியும் உள்ளே என்று தெரிந்தால், குழுவே தனக்குப் பிடித்தவரைத் திரும்பத் திரும்ப மூவரில் போடாதா?

லைன்மேன்_ரசிகை எழுதியது:

போடட்டுமே. ஆட்டத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் வருஷக்கணக்காக ஒருவரை விடாமல் முன்னால் நிறுத்துகிறார்கள் என்றால் அதில் விஷயம் இருக்கும். மேன்கின்ஸை அப்படித்தான் நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

செம்பனி எழுதியது:

அடுத்த வருஷ ஓட்டுக்கு வினாட்டியேரியும் மேன்கின்ஸும் ஒன்றாகப் பட்டியலில் வந்தால் என் ஓட்டு வினாட்டியேரிக்கு. ரசிகை கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் மூன்று தடவை விதியைக் குழுவுக்கு எழுதி அனுப்புங்கள், நானும் என் பெயரைப் போடுகிறேன். பழைய_ஃபாக்ஸ்பரோ அண்ணா, நீங்களும் போடுவீர்களா?

பழைய_ஃபாக்ஸ்பரோ எழுதியது:

போடுகிறேன். மேன்கின்ஸுக்காக.